படிக்க மறுத்த பெட்டி



முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த காலத்தில், படிக்க மறுத்த பிள்ளைகள் பலரை நான் கண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, சென்ற ஆண்டில், படிக்க மறுத்த பெட்டி ஒன்றைக் கண்டேன். அந்தப் பெட்டியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதன்முதலாகக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை படிக்கவில்லையென்றால், அவன் மந்தன் என்று உடனே தீர்ப்புக் கூறிவிடாதே. அவன் கையிலுள்ள புத்தகத்தில் எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார். அவன் கண்ணில் குறை உண்டா என்று பார். அவன் உட்காரும் இடம் சரியானதா என்று பார். அவன் பசியோடு வந்திருக்கிறானா என்று கேள். இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே வேறு காரணத்தைத் தேடு. இதுவே அந்தப் பாடம். நான்காவது கேள்வியின் அருமையை விருதுநகர்க்காரனுக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மனிதப் பிள்ளைக்கு வகுத்த இந்த வரிசை ஓர் இயந்திரத்துக்கும் பொருந்தும் என்பதை நான் அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். அந்த வரிசையிலும் சேராத ஐந்தாவது காரணம் ஒன்றை, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு தாயிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

பெட்டியின் கதையைச் சொல்கிறேன். என்னிடம் உயர்நிலைப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன், இப்பொழுது பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பயில்கிறான். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம் அவன் ஊர். நான் இயற்பியல் கற்பித்தவன். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதும் எனக்குப் பொழுதுபோக்கு. ஆகவே, ஒரு நாள் அவன் துணிப்பை ஒன்றில் கறுப்புப் பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தான். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி அது. அதனைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கு நமக்கு வேண்டா. ஒளித்தட்டை உள்ளே வைத்தால், சிறிது நேரம் முனகிவிட்டு, ‘தட்டைப் படிக்க இயலவில்லை’ என்று திரையில் எழுதிக் காட்டியது. கடைக்காரர் ஒருவர் அதனைத் திறந்து, எதையோ திருகிப் பார்த்துவிட்டு, ‘கண் போய்விட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தார்.

“எடைக்குப் போடுவதற்கு என்ன தடை?” என்று நான் கேட்டேன். அவன் சொன்ன விடை என்னை மௌனமாக்கிவிட்டது.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாளை எங்கள் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். அன்று ஆசிரியர் நாள். அன்றுதான் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் இருந்த பட்டாசு ஆலை ஒன்றில் பெரும் வெடிவிபத்து நேர்ந்தது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டன. இறந்தவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். வெடியோசை கேட்டு, உதவி செய்யவும் என்னவென்று பார்க்கவும் அண்டை ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அப்போது இம்மாணவனுக்கு எட்டு வயது. விடுமுறை நாள்களில், வேலைக்குப் போன தாயைத் தேடி ஆலையின் வேலி வரை நடந்து செல்வது அவன் வழக்கம். அந்த ஆண்டுத் தீபாவளிக்குக் கிடைத்த போனஸ் பணத்தில், அவன் அன்னை தமக்குப் புடவை எடுக்கவில்லை. சிவகாசியில் ஒரு கடையில், பிறர் பயன்படுத்தி விற்ற இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். விடுமுறை நாளில் பையன் வீட்டுத் திண்ணையைத் தாண்டக் கூடாது என்பதே அவர் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறிற்று. இப்பொழுது தங்கை ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பெட்டி பழுதான நாளிலிருந்து, விடுமுறை வந்தால் அவளும் வீட்டில் தங்குவதில்லை.

இதைக் கேட்ட பிறகு, அந்தப் பெட்டியை எடைக்குப் போடும்படி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பொருளைப் பழுது பார்க்க வேண்டுமானால், அது பழுதில்லாதபோது எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆகையால், ஒளித்தட்டு என்பது யாது என்று சற்றே பார்ப்போம்.

சி.டி. என்னும் குறுந்தட்டு, ஜப்பானைச் சேர்ந்த சோனியும் நெதர்லாந்தைச் சேர்ந்த பிலிப்ஸும் கூடி வகுத்தது. 1982-இல் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 செண்டிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். தெளிவான பிளாஸ்டிக்கின் ஒரு பக்கத்தில் நுண்ணிய பள்ளங்களை வரிசையாகப் பதித்து, அதன்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சைக் கொடுத்து, அதற்கு மேல் வார்னிஷ் பூசிப் பெயரை அச்சிடுகிறார்கள். சிவகாசி மாணவர்களுக்கு அலுமினியம் புதியதன்று. மத்தாப்பின் வெள்ளொளிக்குக் காரணமான தூளும் அதே உலோகம்தான். மத்தாப்பில் அது எரிந்து ஒளி தருகிறது. தட்டில் அது எரியாமல் இருந்து ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

அந்தப் பள்ளங்கள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே பாதையில் அமைந்துள்ளன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிப்புக்குள் இத்தகைய சுற்றுகள் நாற்பதுக்கு மேல் அடங்கும். அந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்குப் பின் வந்த டி.வி.டி. தட்டில் இடைவெளி 0.74 மைக்ரான்தான், அதன் சுருள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். விருதுநகரில் அதன் ஒரு முனையைப் பிடித்து நடந்தால், சிவகாசிச் சாலையில் ஏறத்தாழ பாதி வழி போய்விடலாம்.

இதனைப் படிக்கும் கண் லேசர். சி.டி.க்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி. ஒளிக்கற்றை ஒரு சிறு லென்ஸின் வழியே தட்டின்மேல் குவிகிறது. சமதளத்தில் பட்டால் நன்றாகத் திரும்புகிறது. பள்ளத்தில் பட்டால், பள்ளத்திலிருந்து திரும்பும் அலையும் சுற்றியுள்ள தளத்திலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஒளி மங்குகிறது. ஒளி மாறும் இடத்தை ‘ஒன்று’ என்றும், மாறாமல் தொடரும் இடத்தைப் ‘பூச்சியம்’ என்றும் இயந்திரம் எண்ணிக்கொள்கிறது. இந்த இரண்டு எழுத்துகளே அதன் அரிச்சுவடி. பாட்டும், படமும், விளையாட்டும் இவ்விரண்டு எழுத்துகளால் எழுதப்பட்டவையே.

இங்கு ஒரு வியப்பைக் கவனியுங்கள். சுழலும் தட்டு முழுச் சமமாகச் சுழல்வதில்லை. சிறிது மேலும் கீழும் அசைகிறது. அந்த அசைவு அரை மில்லிமீட்டர் வரை இருக்கலாம். லென்ஸோ தட்டிலிருந்து தனக்குரிய தொலைவை ஓரிரு மைக்ரானுக்குள் காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே லென்ஸை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, காந்தத்தாலும் கம்பிச் சுருளாலும் இடைவிடாமல் அசைக்கிறார்கள். ஒலிபெருக்கியின் கூம்பை அசைப்பதும் இதே முறைதான். நான்கு வண்ண அச்சில் ஒரு வண்ணம் மயிரிழை விலகினாலும் படம் மங்கும் என்பதைச் சிவகாசி அச்சகத்தார் அறிவார்கள். அந்த மயிரிழையை ஐம்பதாகப் பிளந்து, ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும் என்றால், லென்ஸின் வேலை எத்துணைக் கடுமையானது என்று எண்ணிப் பாருங்கள்.

தட்டில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? அதற்கும் முன்னேற்பாடு உண்டு. முதல் லேசர் ஒளி வீசியது 1960-இல். அதே 1960-இல், ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள், செய்தியில் சில எழுத்துகள் அழிந்துபோனாலும் எஞ்சியவற்றைக்கொண்டு அவற்றை மீட்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரே ஆண்டில் தோன்றிய ஒளியும் கணக்கும் இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஒரு தட்டில் வந்து கூடின. ஒரு பாடத்தின் எழுத்துகளைத் தொடர்ச்சியாக ஒரே தாளில் எழுதாமல் பல தாள்களில் பிரித்து எழுதி வைத்ததாகக் கருதுங்கள். ஒரு தாள் கிழிந்தாலும் ஒவ்வொரு வரியிலும் ஓரிரு எழுத்தே குறையும், அதை ஊகித்துவிடலாம். இம்முறையால், சி.டி.யில் பாதை வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் தொடர்ந்து அழிந்திருந்தாலும் செய்தியை முழுமையாக மீட்க முடிகிறது. பாட்டுத் தட்டானால், அதற்கு மேலும் இயந்திரம் தோராயமாக ஒலியை இட்டு நிரப்பிக்கொள்ளும். விளையாட்டுத் தட்டில் அது நடவாது. ஒரு கட்டளையின் ஓர் எழுத்தைத் தோராயமாக இட்டு நிரப்ப இயலுமா? ஆகவேதான், பாட்டுத் தட்டு கீறலோடும் பாடுகிறது. விளையாட்டுத் தட்டு நின்றுவிடுகிறது.

இப்பொழுது நம் நான்கு கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: புத்தகம் நன்றாக இருக்கிறதா? மாணவனிடமிருந்த பன்னிரண்டு தட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரு தட்டு மட்டும் ஓடாவிடில் தட்டின் குற்றம். எந்தத் தட்டும் ஓடாவிடில் பெட்டியின் குற்றம். பன்னிரண்டும் ஓடவில்லை. எனினும் தட்டுகளையும் விளக்கொளியில் பிடித்து ஆராய்ந்தோம். இதில் நீங்கள் அறிய வேண்டியவை மூன்று உண்டு. தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கலாகாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் பாதையோடு ஒட்டிச் சென்று நெடுந்தூரம் எழுத்தை மறைத்துவிடும். குறுக்கே விழும் கீறலைக் கணக்கு மன்னித்துவிடும். இரண்டாவது, சி.டி.யில் பெயர் அச்சிட்ட பக்கமே மென்மையான பக்கம். அலுமினியப் பூச்சு அதற்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே விழுந்த கீறலுக்கு மருந்தில்லை. மூன்றாவது, வீட்டில் பதிவு செய்த தட்டுகள் ஆலையில் அச்சிட்டவற்றைப் போல் ஒளியைத் திருப்புவதில்லை. மூப்படைந்த லேசர் முதலில் அவற்றைத்தான் படிக்க மறுக்கும்.

இரண்டாம் கேள்வி: கண்ணில் குறை உண்டா? மின்னிணைப்பை அடியோடு பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். இங்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரம் ஓடும்போது மூடியைத் திறந்து லென்ஸுக்குள் உற்றுப் பார்ப்பது கூடவே கூடாது. 780 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியாத ஒளிக்குக் கண் இமைப்பதில்லை. இமைக்காத கண்ணின் விழித்திரையை அது சுட்டுவிடும். பெட்டி மூடியிருக்கும் வரையில்தான் அது சாது.

லென்ஸின்மேல் பழுப்பு நிறத்தில் ஓர் ஆடை படிந்திருந்தது. எங்கள் ஊர்க் கரிசல் புழுதியும், அடுக்களைப் புகையும், மின்விசிறிக் காற்றும் பத்தாண்டுக்கு மேல் கூடிச் செய்த வேலை அது. பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஒரு துளி தொட்டு, குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல், அழுத்தாமல் துடைத்தோம். நகப்பூச்சை நீக்கும் திரவத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. இத்தகைய லென்ஸுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை, அவை வெந்து மங்கிவிடும்.

மூன்றாம் கேள்வி: உட்காரும் இடம் சரியா? லேசர் பொருந்திய தலை, இரு தண்டவாளங்களின்மேல் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர வேண்டும். தண்டவாளத்திலிருந்த பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகிப்போயிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, புதிய கிரீஸைக் கடுகளவு தடவினோம். இந்தத் தண்டவாளத்தின் சிறப்பை உணர்த்த உலகறிந்த ஒரு சான்று உண்டு. 1994 டிசம்பர் 3-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் பெட்டியின் தொடக்க வகைகளில், தலை நகரும் பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. நாளடைவில் அது தேய்ந்து, தலை சற்றே சாய்ந்தது. தட்டைப் படிக்கத் தடுமாறியது. உலகெங்கும் சிறுவர்கள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடினார்கள்! கவிழ்த்தபோது, தேய்ந்த பக்கத்தை விட்டுத் தேயாத பக்கத்தின்மேல் தலை அமர்ந்தது, சாய்வு குறைந்தது. காரணம் அறியாமல் கண்ட மருந்தாயினும், அதற்குப் பின்னே ஒரு காரணம் இருந்தது.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டியை மூடி இயக்கினோம். பழைய சி.டி. விளையாட்டு ஒன்று ஓடியது! தங்கை கைகொட்டினாள். ஆனால் டி.வி.டி. தட்டை வைத்தால் முன்போலவே மறுப்பு. மாணவ நண்பர்களே, இந்த அரைகுறை வெற்றியைத் தோல்வியென்று எண்ணிவிடாதீர்கள். ஒரு வகைத் தட்டு ஓடி மற்றொரு வகை ஓடாமை, நோயின் இடத்தைச் சுட்டிக்காட்டும் விரல். தட்டைச் சுழற்றும் மோட்டார் நன்று, லென்ஸ் நன்று, தண்டவாளம் நன்று. இரண்டு ஒளிகளில் சிவப்பொளி மட்டும் சோர்ந்திருக்கிறது. இது நான்காம் கேள்வி, பசி.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தலையின் ஓரத்தில் ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருகினால் லேசருக்குச் செல்லும் மின்னோட்டம் கூடும். மங்கிய ஒளி பிரகாசமாகும். பெட்டி உடனே படிக்கத் தொடங்கும். ஆனால் எண்ணெய் தீரும் விளக்கின் திரியைத் தூண்டுவது போன்றது அது. சில வாரங்களில் லேசர் அறவே அணைந்துவிடும். முன்பு திறந்த கடைக்காரர் அந்தத் திருகைத்தான் தொட்டிருந்தார். தொடுமுன் அது நின்ற நிலையை அளந்து எழுதி வைக்கவுமில்லை. மல்ட்டிமீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளாமல் எந்தத் திருகையும் தொடாதிருப்பது பழுது பார்ப்போர் கைக்கொள்ள வேண்டிய முதல் விரதம். ஆகவே, பழைய தலையை நீக்கிப் புதிய தலையைப் பொருத்துவதே முறை என்று தீர்மானித்தோம். அதில் திருகு ஆலையிலேயே அளந்து வைக்கப்பட்டிருக்கும்.

மாணவன் தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் புதிய தலை ஒன்றைத் தபாலில் வரவழைத்தான். மாசி மாதத்து வறண்ட பிற்பகல் ஒன்றில், அவன் வீட்டில், நைலான் பாயில் அமர்ந்து, நானே அதைப் பொருத்தினேன். புதிய தலையில், நுண்ணிய இரு முனைகளை இணைத்து ஈயத் துளி ஒன்று வைத்திருப்பார்கள். அதை உருக்கி நீக்கினால்தான் லேசர் இயங்கும். நீக்கினேன்; பட்டைக் கம்பியைச் செருகினேன்; மூடினேன்; இயக்கினேன். சி.டி.யும் ஓடவில்லை; டி.வி.டி.யும் ஓடவில்லை. பழைய தலை செய்த வேலையைக்கூடப் புதிய தலை செய்யவில்லை.

மாணவன் ஒன்றும் பேசவில்லை. அவன் மிச்சம் பிடித்த பணம் என் கையில் வீணாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டு இயற்பியல் கற்பித்தவன் என்ற பெருமை அந்தக் கணத்தில் எனக்குச் சுமையாக இருந்தது.

அந்நேரத்தில் அவன் அன்னை வேலை முடிந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். அந்த ஈயத் துளி எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று வினவினார். “உடம்பிலிருந்து வரும் மின்சாரம் லேசரைத் தாக்காமல் இருக்க, அம்மா” என்று நானே விடை சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள், அவர் என் சட்டையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு, தயக்கத்தோடு சொன்னார்:

“ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. இந்தச் சட்டையோட எங்க அறைக்குள்ள விடமாட்டாங்க.”

நான் அணிந்திருந்தது பாலியெஸ்டர் சட்டை.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குச் செல்வோர்க்குச் சில நெறிகள் உண்டு. பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். நுழையுமுன், நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிட வேண்டும். தீப்பொறி எழாத பித்தளை, மரம் முதலிய கருவிகளையே கையாள வேண்டும். இந்த நெறிகளைத் தவறாமல் காத்த அறையில் மாலையில் அனைவரும் வீடு திரும்புகிறார்கள். காக்காத அறைகளின் செய்தியை நாம் நாளிதழில் படிக்கிறோம். அந்த அன்னை அத்தகட்டை ஒவ்வொரு நாளும் தொட்டு வந்தவர்.

செயற்கை இழைத் துணி நைலான் பாயோடு உராயும்போது நம் உடலில் நிலைமின்சாரம் தேங்குகிறது. வறண்ட காற்றில் அது எளிதில் கசிந்து போவதில்லை. ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டும்வரை நம் விரல் அதை உணர்வதுமில்லை. நுண்ணிய லேசரைக் கெடுக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். மருந்து அறையில் அந்தப் பொறி தீயை மூட்டுகிறது. இங்கே ஓசையில்லாமல் ஓர் ஒளியை அணைக்கிறது. ஈயத் துளியை நான் நீக்கிய அந்தக் கணமே, லேசரின் காவலை நீக்கிவிட்டேன். இதையெல்லாம் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதியவன் நான், அதன்படி நடந்து வந்தவர் அவர்.

இரண்டாவது தலைக்கு உரிய பணத்தை நான் கொடுத்தேன். அது என் கடன். இம்முறை அந்த அன்னையே ஏற்பாடுகளைச் செய்தார். நைலான் பாயைச் சுருட்டி வைத்தார். தரையில் தண்ணீர் தெளித்தார். கல்லூரி ஆய்வகத்திலிருந்து மாணவன் கொண்டுவந்திருந்த மணிக்கட்டுப் பட்டையை வீட்டின் நில இணைப்புக் கம்பியோடு சேர்த்தோம். இத்தகைய பட்டையில் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கும்; தேங்கிய மின்சாரம் மெல்ல இறங்கவும், எதிர்பாராத மின்தாக்கு நம்மைப் பற்றாமல் இருக்கவும் அது உதவும். திருப்புளியை இம்முறை நான் தொடவில்லை. கதர்ச் சட்டையோடு ஓரமாக அமர்ந்து, மாணவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பட்டைக் கம்பியைச் செருகினான். பிறகே ஈயத் துளியை நீக்கினான். அந்த வரிசை மாற்றத்தையும் நான் கவனித்தேன். கம்பி செருகிய பிறகு லேசர் தனித்து நிற்பதில்லை. பலகையிலுள்ள சுற்றுகள் அதற்குத் துணையாக நிற்கின்றன.

பெட்டி படித்தது. சி.டி.யும் படித்தது, டி.வி.டி.யும் படித்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. முதல் தலை என் சட்டையால்தான் கெட்டது என்று நான் நிரூபித்துவிடவில்லை. அது வரும்போதே குறையோடு வந்திருக்கவும் கூடும். இரண்டாம் முறை நாங்கள் தலையையும் மாற்றினோம், ஆடையையும் மாற்றினோம், பாயையும் மாற்றினோம், வரிசையையும் மாற்றினோம். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது காரணம் என்று துணிந்து கூறும் உரிமையை இழந்துவிடுகிறோம். சோதனைக்கூடத்தில் இதை நீங்கள் மறக்கலாகாது. ஆயினும், அந்த அன்னையின் சொல் எனக்குச் சான்றைவிடப் பெரியதாக ஒன்றைத் தந்தது. என் நான்கு கேள்விகளும் படிக்க மறுத்த பிள்ளையைப் பற்றியவை. ‘ஆசிரியனாகிய உன் கை தூய்மையாக இருந்ததா?’ என்ற ஐந்தாம் கேள்வியை எனக்கு ஒருவரும் கற்பித்ததில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி ஒன்று பரண்மேல் கிடக்கலாம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் இரண்டு மட்டுமே உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் உற்பத்தி 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் முடிந்துபோயிற்று. புதிதாகச் செய்வார் இல்லாத பொருளைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அதனை வைத்திருப்பவர்களே. முதலில் தட்டை மாற்றிப் பாருங்கள். பிறகு லென்ஸைத் துடையுங்கள். பிறகு தண்டவாளத்தை நோக்குங்கள். இறுதியாகவே லேசரின்மேல் ஐயம் கொள்ளுங்கள். செலவில்லாத சோதனையை முதலிலும், மீட்க முடியாத செயலைக் கடைசியிலும் வையுங்கள். சிறுவர்களாயின் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் அவ்வூர் வழியே போனேன். உச்சிவெயில். தெருவில் ஒரு குழந்தையும் இல்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்து ஆரவாரம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தங்கையும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருந்தார்கள். பெட்டியின் அருகே சுவரில், செம்புத் தகடு ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி நில இணைப்புக்குச் சென்றது. தட்டை மாற்ற எழுந்த ஒரு சிறுவன், முதலில் அந்தத் தகட்டைத் தொட்டான்; பிறகே பெட்டியைத் தொட்டான். மூடியிருக்கும் பெட்டிக்கு அது தேவையில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பிறகு, அந்தப் பழக்கம் அவர்களிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணி, பேசாமல் திரும்பிவிட்டேன்.